மழை வலுத்ததும் கத்தரியும் மிளகாயும் பச்சையாகவே வாடுகின்றன: மண்ணில் குறையா, நோயா?

கருங்கல் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது திருவையாற்றுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில். திருமணமாகிக் குமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டின் பின்புறம் நான்கு சென்ட் விளை (தோட்ட நிலம்) இருக்கிறது. இரண்டு தென்னை, ஒரு சக்கை (பலா) மரம், எல்லைச் சுவரான கையாலையை ஒட்டி நான்கு மூடு மட்டி வாழை ஆகியவை போக, நல்ல வெயில் விழுகிற ஒன்றரை சென்ட் இடத்தில் நான் காய்கறி வைக்கிறேன்.

இந்த ஆண்டு சித்திரைக் கடைசியில் நாற்பது கத்தரி நாற்றும் இருபது மிளகாய் நாற்றும் நட்டேன். வைகாசி முழுவதும் குறை சொல்ல முடியாதபடி வளர்ந்து பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள், ஆனி நடுவில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வலுத்த பிறகு வாரத்துக்கு நான்கைந்து என்ற கணக்கில் சாகத் தொடங்கின. இலை மஞ்சளாவதில்லை, புள்ளியோ ஓட்டையோ இல்லை, தண்டைப் பிளந்து பார்த்தால் புழுவும் இல்லை. காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி நண்பகலில் நுனியைத் தொங்கவிடுகிறது, மாலையில் சற்றே தேறுகிறது, மூன்றாம் நாள் வெந்நீர் ஊற்றியதுபோல் முழுவதும் துவண்டுவிடுகிறது. அப்போதும் இலை பச்சையாகவே இருக்கிறது. தண்ணீர் கூடிப்போயிற்றோ என்று வாய்க்கால் வெட்டி வடித்துப் பார்த்தேன். உரக்கடையில் சொன்னபடி காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சண மருந்தைக் கரைத்து வேரில் ஊற்றினேன். கடைக்காரருக்கு வியாபாரம் ஆனது, செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் ஊர் வண்டல் மண்ணில் இரண்டு கூடை எருவைப் போட்டுக் கொத்திவிட்டால் எதுவும் வளரும். இங்குள்ள சிவந்த சரல் மண்ணோ மழையில் கையில் ஒட்டுகிறது, நான்கு நாள் வெயில் அடித்தால் மம்பட்டியையே திருப்பி அனுப்புகிறது. என் மாமியார், "சாம்பல் காணாத மண்ணில் வழுதலங்காய் நிற்காது" என்கிறார். (கத்தரிக்காயைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆயிற்று.) எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை விறகடுப்பின் சாம்பலைத் தினமும் விளையில் கொட்டி வந்ததாகவும், கேஸ் அடுப்பு வந்த பிறகு அது நின்றுபோனதாகவும் அவர் கூறுகிறார். இதில் உண்மை உண்டா, அல்லது பழைய நாளை நினைத்துச் சொல்லும் பேச்சா? அடுத்து, ஆடி கழிந்ததும் அந்த இடத்தில் எதை நடலாம் என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மலையோரத்தான், திருவட்டாறு:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியவற்றுள் முக்கியமான சொல் 'பச்சையாகவே' என்பதுதான். வேர் அழுகலிலும் நூற்புழுத் தாக்குதலிலும் செடி பெரும்பாலும் மெலிந்து, மஞ்சளித்து, மெதுவாகவே இறங்கும். நன்றாக நின்ற செடி பச்சை மாறாமல் இரண்டு மூன்று நாளில் சாய்ந்தால் பாக்டீரியா வாடல் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரால்ஸ்டோனியா என்னும் அந்தக் கிருமி மண்ணில் இருந்து வேரின் காயங்கள் வழியே நுழைந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகி அவற்றை அடைத்துவிடுகிறது. காலடியில் ஈரம் நிறைந்திருக்க, செடி தாகத்தில் சாகிறது. காப்பர் ஆக்சிகுளோரைடு பயன் தராததற்கும் இதுவே காரணம். மருந்து வெளியே இருக்கிறது, கிருமியோ உள்ளே இருக்கிறது.

சந்தேகத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். வாடத் தொடங்கிய, ஆனால் இன்னும் காயாத ஒரு செடியைப் பிடுங்கி, அடித்தண்டில் ஒரு சாண் துண்டை நல்ல கத்தியால் நேராக நறுக்குங்கள். கண்ணாடிக் குவளை நிறையத் தெளிந்த நீர் எடுத்து, நறுக்கிய முனை நீருக்குள் ஒரு விரற்கடை மட்டும் முழுகும்படி தண்டை ஆடாமல் பிடித்திருங்கள். நோய் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற மெல்லிய இழை கீழே இறங்கும்.

இனி, உங்கள் மாமியார் சொன்னதைப் பற்றி. அவர் சொன்னதில் முக்கால் பங்கு உண்மை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மேட்டு நிலங்கள் இடவப்பாதியிலும் நனைகின்றன, ஐப்பசியில் வரும் துலா மழையிலும் நனைகின்றன. நூற்றாண்டுக் கணக்காகப் பெய்த மழை மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் கழுவிக்கொண்டு போக, எஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும். மண்ணின் சிவப்பு இரும்பினால் வந்தது, அதன் புளிப்பு அந்தச் சத்துக்கள் போனதனால் வந்தது. இத்தகைய புளித்த மண்ணில், நீங்கள் போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்குக் கொடுப்பதில்லை. அதே மண்ணில் வாடல் கிருமி மட்டும் சௌகரியமாக இருந்துகொள்கிறது. விறகுச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் இருப்பதால், நாள்தோறும் கொட்டிய சாம்பல் மண்ணின் புளிப்பை ஓரளவு அடக்கிவைத்திருக்கும். மீதிக் கால் பங்கு என்னவென்றால், சாம்பல் கிருமியைக் கொல்வதில்லை. அந்தக் காலத்தில் மரச்சீனி, சேனை, சேம்பு, காச்சில் என்று கிழங்கு வகைகளை இடம் மாற்றி மாற்றி நட்டார்கள். கத்தரி ஒரே இடத்தில் ஆண்டுதோறும் நின்றதில்லை. போன ஆண்டும் இதே இடத்தில்தான் கத்தரியோ மிளகாயோ தக்காளியோ வைத்தீர்களா என்பதை அடுத்த பதிவில் சொல்லுங்கள்.

மண்ணைப் பரிசோதிக்காமல் சுண்ணாம்பு வாங்க வேண்டாம். மரத்தடி, எருக்குழி, கையாலை ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்து ஏழெட்டு இடங்களில் அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ மட்டும் பையில் கட்டுங்கள். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஒரு சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கி புயலில் என் வீட்டுச் சக்கை மரம் வேரோடு சாய்ந்தது. மரத்தை அறுத்து எடுத்த பிறகு ஆளுயரக் குழி ஒன்று கிடந்தது. அதை மூட மண் வாங்க மனமில்லாமல், பக்கத்து ரப்பர் தோட்டத்துச் சருகு, வாழைத்தடை, அடுக்களைக் கழிவு எனக் கிடைத்ததையெல்லாம் போட்டு வந்தேன். மூன்றாம் ஆண்டில் கையை விட்டால் முழங்கை வரை இறங்கும் கறுத்த மண் அங்கே இருந்தது. அதிலிருந்து நாலடி தள்ளிக் கடப்பாரை போட்டால் 'ணங்' என்று சரலில் மோதும். இலைதழை கொடுத்தால் இந்த மண்ணும் மாறும் என்று நான் நம்பத் தொடங்கியது அந்தக் குழியினால்தான்.

ஈத்தாமொழித் தோப்பு:

மலையோரத்து அண்ணாச்சி சொன்ன குவளைச் சோதனை நல்ல வழி. ஆனால் இந்த மாவட்டத்தில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு நானே உதாரணம். எங்கள் பக்கம் முழுக்க மணல். தென்னைக்கு இதைவிட நல்ல மண் இல்லை. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. காய்கறிக்கோ இது ஓட்டைப் பானை. திங்கட்கிழமை போட்ட உரம் செவ்வாய்க்கிழமை மழையில் கிணற்றுக்குப் போய்விடும். என் கத்தரியும் இப்படி வாடியது, ஆனால் மஞ்சளித்து வாடியது. பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் நல்லமிளகை (குறுமிளகை)க் கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தது. அது நூற்புழு. குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போட்டதும், ஒரு பருவம் கத்தரியை விட்டுவிட்டு அந்த இடம் முழுவதும் கேந்தி (செண்டுமல்லி) நட்டதும் எனக்குப் பலன் தந்தன. பூவும் வீட்டுக்கு ஆயிற்று. ஆகவே சகோதரி செடியைப் பிடுங்கும்போது வேரையும் கழுவிப் பார்த்துவிடுங்கள்.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை, அதைத் தனியாகப் போட்டு மெனக்கெடுவதைவிட, சாணத்தோடு சேர்த்துக் குவித்துப் புளிக்கவைத்து ஒரே வேலையாகப் போட்டுவிடலாம் என்பது என் கருத்து.

தோவாளைக் காற்று:

எங்கள் பக்கம் நிலைமை வேறு என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். கருங்கலில் மழை கொட்டுகிற ஆனி, ஆடியில் எங்களுக்குக் கிடைப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று என் வெண்டைச் செடிகளையும் சுற்றிவிட்டுப் போகிறது. மூடாக்குப் போட்டால் சருகு பறந்து அடுத்த வீட்டு முற்றத்தில் கிடக்கும். அதன் மேல் தென்னை மட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அழுத்தியே காப்பாற்றுகிறேன். மேற்கே உள்ளவர்கள் சொல்லும் நடவுக் காலத்தைப் பின்பற்ற நினைக்கும் கிழக்குப் பக்கத்தவர்கள் ஐப்பசி மழையை நம்பித் தொடங்குவதே நல்லது.

கருங்கல் மருமகள்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை. மண் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தேன்.

குவளைச் சோதனையை அன்று மாலையே செய்தேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, குவளைக்குப் பின்னால் என் மகன் கறுப்பு அட்டை ஒன்றைப் பிடித்ததும், ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவதுபோல் ஒரு வெண்ணிழை நேர்கோடாக அடிவரை இறங்கியதைக் கண்டோம். மிளகாய்த் தண்டிலும் அப்படியே. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல செடி ஒன்றின் கிளையையும் நறுக்கி வைத்தேன். அதில் எதுவும் இறங்கவில்லை. வேரைக் கழுவிப் பார்த்ததில் முடிச்சுகள் இல்லை.

மண்ணின் கார அமில நிலை (pH) 4.9 என்று, அதாவது நல்ல புளிப்பு என்று வந்திருக்கிறது. கரிமச் சத்தும் மணிச்சத்தும் குறைவு என்று குறித்திருக்கிறார்கள். மலையோரத்தான் ஐயா கேட்டதற்குப் பதில்: ஆம், மூன்று ஆண்டுகளாக அதே ஒன்றரை சென்ட்டில்தான் கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றையும் சுற்றிச் சுற்றி நட்டிருக்கிறேன். பயிர் மாற்றிவிட்டதாகவே நினைத்திருந்தேன்! இன்னொரு தவறும் செய்திருக்கிறேன். பிடுங்கிய செடிகளையெல்லாம் எருக்குழியில் போட்டுவிட்டேன். அந்த எருவை இனி என்ன செய்வது? சுண்ணாம்பை ஈத்தாமொழி அண்ணாச்சி சொன்னபடி சாணத்தோடு கலக்கலாமா?

நாற்றங்கால் அக்கா, குலசேகரம்:

தங்கைக்கு, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்: கலக்க வேண்டாம். ஈத்தாமொழி அண்ணாச்சி வருத்தப்படக் கூடாது. பச்சைச் சாணத்தில் சுண்ணாம்பைக் கலந்து கிளறினால் கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி கிளம்புமே, அதுதான் பயிருக்குச் சேர வேண்டிய தழைச்சத்து, அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. யூரியா போன்ற உரங்களுக்கும் இதே விதி பொருந்தும். சுண்ணாம்பு முதலில், எரு இரண்டு வாரம் கழித்து. இந்த வரிசை மாறக் கூடாது.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை நடுவது, கிருமிக்கு விருந்து மாறுவதே தவிரப் பட்டினி இல்லை. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இந்த மூன்றையும் அந்த இடத்தில் நட வேண்டாம். இஞ்சிக்கும் இதே இனத்துக் கிருமியால் வாடல் வருவதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். இப்போது நிற்கிற நோயுற்ற செடிகளை வேர் மண்ணோடு அள்ளி ஒரு சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய், காயவைத்து எரித்துவிடுங்கள். இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் மண் சிந்தும். மம்பட்டியைக் கழுவி வெயிலில் வைத்த பிறகே அடுத்த பாத்திக்கு எடுங்கள். செடிகள் எந்த மூலையில் முதலில் விழுந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள். மேட்டிலிருந்து மழைநீர் பாய்ந்து வரும் வழியில்தான் பெரும்பாலும் தொடங்கியிருக்கும், ஏனெனில் இந்தக் கிருமி நீரோடு நடக்கிறது. நீங்கள் பாத்திக்குள்ளே வாய்க்கால் வெட்டியது நீரை வடித்தது உண்மை, கூடவே கிருமியையும் ஊர்வலம் விட்டது. வாய்க்காலைப் பாத்திக்கு மேல்புறம், சரிவுக்குக் குறுக்கே வெட்டி, வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும்.

எருக்குழியைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகாமல் தென்னை மூட்டில் போட்டு மூடிவிடுங்கள். தென்னைக்கு இந்த நோய் இல்லை. ஆனால் காய்கறிப் பாத்திக்கு மேலே, சரிவில் நிற்கிற தென்னை வேண்டாம், தள்ளி நிற்கிற தென்னைக்குப் போடுங்கள்.

சுண்ணாம்பின் அளவு: 4.9 என்றால் சென்ட்டுக்கு இரண்டரைக் கிலோ அரைத்த சுண்ணாம்புக்கல் தூளோ டோலமைட்டோ போதும். உங்கள் இடத்துக்கு நான்கு கிலோவுக்கு மேல் தேவைப்படாது. நம் மண்ணில் மக்னீசியமும் குறைவு என்பதால் நான் டோலமைட்டையே வாங்குவேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றியது கிடைத்தால் அதில் முக்கால் அளவு போதும், ஏனெனில் அதற்கு வேகம் அதிகம். தூவும்போது காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், கண்ணில் பட்டால் பொசுக்கிவிடும். அடைமழையில் போட்டால் ஓடிவிடும், காய்ந்த மண்ணில் போட்டால் அப்படியே கிடக்கும். ஆவணி தொடக்கத்தில் மழை ஓய்ந்து மண் புட்டு மாவுப் பதத்துக்கு வரும் நாளில் தூவி, நாலு விரல் ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மக்கிய எருவும், மணிச்சத்துக்கு எலும்புத்தூளும் இட்டு, ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்துச் சருகு மூடாக்குப் போட்டால் துலா மழை வரும்போது மண் தயாராக இருக்கும். அடுத்த ஆண்டு பரிசோதிக்காமல் மறுபடியும் சுண்ணாம்பு போட வேண்டாம்; கூடிப்போனால் துத்தநாகமும் போரானும் வேருக்குக் கிடைக்காமல் வேறு தொல்லை வரும். மாமியாரின் சாம்பல் எங்காவது கிடைத்தால் மெல்லிய தூவலாகச் சேர்க்கலாம், ஆனால் அதையும் எருவோடு ஒரே நாளில் போட வேண்டாம்.

எதை நடுவது என்று கேட்டிருந்தீர்கள். புரட்டாசியில் அந்தப் பாத்தியில் பயறு, வெண்டை, தண்டுக்கீரை. பந்தல் போட முடிந்தால் பாவைக்காயும் (பாகற்காய்) புடலையும். பயறு மண்ணுக்கும் நல்லது. சிறுகிழங்குக் கொடி இப்போதே கிடைக்கும். ஓரத்தில் ஒரு பாத்தி நட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு வீட்டுக்கு வரும். மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை இரவில் வந்து கீரை நாற்றைத் தரைமட்டமாக்கும். ஈரச் சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலையைப் போட்டுவைத்தால் கூடிவிடும், காலையில் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புநீரில் போடுங்கள்.

கத்தரி இல்லாமல் முடியாது என்றால், தரையில் அல்லாமல் வேறு இடத்து மண் நிரப்பிய பையில் வையுங்கள். பையைக் கல்லின் மேல் வைத்தால்தான் வேர் இறங்கிப் பழைய மண்ணைத் தொடாது. சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய நாற்றுக் கிடைத்தால் மிகவும் நல்லது. விதையாக வாங்குவதானால், வாடலைத் தாங்குவதற்கென்றே கேரள வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ரகங்கள் இருக்கின்றன: கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா, தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. 1956-இல் நமக்கும் கேரளாவுக்கும் இடையே எல்லைக்கோடு களியக்காவிளையில் விழுந்தது. மண்ணும் மழையும் கோட்டுக்கு இருபுறமும் ஒன்றுதான், ஆகவே அந்த ரகங்கள் உங்கள் விளைக்குப் பொருந்தும். தாங்கும் என்றால் ஒரு செடியும் சாகாது என்று பொருளில்லை. பத்தில் எட்டு நின்றாலும் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலையோரத்தான், திருவட்டாறு:

நாற்றங்கால் நடத்துபவர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றே ஒன்றுதான் உண்டு. பயறும் கீரையும் எடுத்த பிறகு, மாசியில் அந்த இடத்தைச் சும்மா விடாமல் சேனை வையுங்கள். 'கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன் கண்ணளவு' என்று இங்கே சொல்வார்கள். கும்பம் என்பது நம் மாசி, மீனம் என்பது பங்குனி. முக்கால் கிலோ துண்டு ஒவ்வொன்றிலும் முளையின் ஒரு பகுதி இருக்கும்படி வெட்டி, சாணக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்திக் குழியில் வைத்துச் சருகால் மூடிவிட்டால், கோடை மழை பட்டதும் முளைத்துவிடும். மூன்று ஆண்டுக் கணக்கில் ஓர் ஆண்டு அதிலேயே கழிந்துவிடும்.

கருங்கல் மருமகள்:

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. நேற்று மேல்புறம் வாய்க்கால் வெட்டத் தொடங்கிவிட்டோம். நீங்கள் சொன்னதுபோலவே முதலில் செத்த ஆறு செடிகளும் கீழ்வீட்டு எல்லையில் இல்லை, மேட்டு மூலையில்தான் நின்றிருந்தன. டோலமைட் வாங்கி வைத்திருக்கிறேன், மழை ஓய வேண்டும். பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையில் இன்னும் விறகடுப்புதான். தினமும் ஒரு வாளி சாம்பல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரே போய்க் கேட்டு வாங்கி வந்தார். சேனை விதை மாசியில் எந்தச் சந்தையில் நல்லதாகக் கிடைக்கும்?

மலையோரத்தான், திருவட்டாறு:

சந்தைக்குப் போக வேண்டாம். சக்கைக் குழியில் நட்டது இந்த ஆண்டு நன்றாகத் திரண்டிருக்கிறது. தையில் தோண்டும்போது பத்துத் துண்டுக்கு ஆகும் கிழங்கை எடுத்து வைக்கிறேன். நினைவூட்டி ஒரு வரி எழுதிவிடுங்கள்.